மூன்று வாட்

ஆயிரத்து இருநூறு ரிங்கிட்.
அதில் முந்நூறு ஓவர்டைம் காசு,
தீபாவளி வாரத்தில் ஆள் வராத இரவுகளில்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நின்றே சம்பாதித்தது.

என் பிழைப்பு நுண்ணோக்கிக்குக் கீழே.
நகக்கண் அளவுச் சில்லுக்குள்
கோடிக்கணக்கில் படுத்திருக்கும் டிரான்சிஸ்டர்களில்
எந்தக் கூட்டம் நொண்டி என்று சொல்ல வேண்டும்.
அவை துரத்திவிட்ட கண்ணாடிக் குழாயைத்தான்
விடுமுறையில் தேடிப் போகிறேன்.
"லாரி ஓட்டுகிறவள்
மாட்டுவண்டி வாங்கப் போகிறாள்" என்கிறார் குணாளன்.

ஜார்ஜ்டவுனில், ஆணிக் கடைக்கு மேல்மாடி.
திரு கூ இரண்டு ஏசி வைத்திருக்கிறார்,
இரண்டும் தோற்றுவிட்டன.
சுவரோரம் வரிசையாக எரியும் வால்வுகள்.
"சுவாரா ஹங்காட் லா, அம்மா."
சத்தம் வெதுவெதுப்பாக இருக்குமாம்.
பினாங்கில், ஏப்ரலில்,
வெக்கைக்குக் காசு கேட்கிறார் மனிதர்.

முதலாவது நீலமாய் ஜொலித்தது.
குனிந்து பார்த்தேன்.
குழாய்க்கு அடியில் ஒரு எல்.இ.டி.
வால்வு அப்படி எரியாது என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
இருவரும் அடுத்ததற்கு நகர்ந்தோம்.

இரண்டாவதில் வால்வுகள்
துவாரபாலகர் மாதிரி வாசலில் இரண்டு.
கருவறையில் இருந்தது சிப்.
நான் பாஸ் போட்டு அனுப்பிய சிப்பாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவதற்கு மூடியே இல்லை.
ஈப்போவில் ஒரு பல் மருத்துவர் வைத்திருந்ததாம்.
முன்பக்கம் கீறல், குமிழ் ஒன்று வேறு நிறம்.
தொள்ளாயிரத்து எண்பது.
பக்கத்துக்கு மூன்றே வாட்.

பையிலிருந்து என் நாகஸ்வர சிடியைக் கொடுத்தேன்.
ஆலாபனை தொடங்கும் முன்
வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்டது.
சீவாளியின் ஈரம்கூடக் கேட்டது
(ஈரம் எப்படிக் கேட்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்).
பிறகு தவில் நுழைந்தது.
முதல் அடியிலேயே மூன்று வாட்டும்
மாடிப்படி ஏறிய கிழவர் போல் இளைத்தன.

கூ உதட்டைப் பிதுக்கினார்.
என் வீட்டு ஸ்பீக்கரின் பெயரைச் சொன்னதும்
இன்னும் பிதுக்கினார். அதற்குப் பசி அதிகமாம்.
முப்பது வாட் ஒன்றைக் காட்டினார்.
விலை மூவாயிரத்து நானூறு.

அது மண்டபத்துக்கு.
நான் இருப்பது ரேலாவில் பதினோராவது மாடி,
அடுத்த வீட்டு ரொக்கியாவின் தும்மலுக்கு
நான் பதில் சொல்கிற சுவர்.
அவளுக்கு இப்போது மூன்றாவது கைக்குழந்தை.
நான் பாட்டுக் கேட்பது இரவு ஷிஃப்ட் முடிந்து
காலை ஏழே முக்காலுக்கு.
பழைய பெட்டியின் குமிழ்
ஒன்பது மணி நிலையைத் தாண்டியதே இல்லை.
முப்பது வாட்டில் இருபத்தெட்டை
எந்த அலமாரியில் மடித்து வைப்பேன்?

கிராப் காரில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.
டிரான்ஸ்ஃபார்மர் கனம்,
ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் தொடையில் பதிந்தது.

மறுநாள் காலை, திரையை இழுத்துவிட்டு
சுவிட்சைப் போட்டேன்.
கண்ணாடிக்குள் ஊதுவத்தி முனை அளவு சிவப்பு.
பிறகு, ம்ம்ம்ம்.
ஃபிரிட்ஜும் அதே ம்ம்ம்ம்.
இரண்டும் ஒரே மின்சாரம், ஒரே சுருதி.
நாகஸ்வரம்தான் இவர்களோடு சேரவில்லை.
பெட்டியைத் திருப்பினேன், ஒயரை மாற்றினேன்,
எர்த் சரிபார்த்தேன்.
பாதி அடங்கியது.
மீதிக்கு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.

இப்போது தவில் வந்தது,
இரண்டு தெரு தள்ளிச் சாமி புறப்பாடு போகிற அளவில்.
இளைப்பில்லை.
சோபாவிலேயே தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் குணாளன் திறந்தபோது
இரண்டு கிலோ தெங்கிரி மீன்
தண்ணீரில் கிடந்தது.
அவர் ஒன்றும் கேட்காமல் புளி ஊறவைத்தார்.
அது கேட்பதைவிட மோசம்.

ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
குழந்தை இடுப்பில், கரண்டி கையில்,
ரொக்கியா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.
"காலையில் உங்கள் வீட்டில்
யாருக்குக் கல்யாணம்?"